கண்ணுக்குக் கற்பித்த கை

படைப்பின் நுட்பங்களைச் சிந்தித்துப் பார்க்குமாறு திருமறை மனிதனைப் பன்முறை அழைக்கின்றது. உயிரணுவியலும் உடற்கூற்றியலும் பயில்வோர்க்கு அவ்வழைப்பு மிகவும் பொருந்தும். ஆயின், பார்த்தல் என்பதே பயின்று பெற வேண்டிய திறன். அது கைவரும் வழியை ஸ்பெயின் நாட்டு அறிஞர் சந்தியாகோ ரமோன் இ கஹாலின் வாழ்வில் காண்கிறோம்.

1852 ஆம் ஆண்டு பெட்டில்லா என்னும் சிற்றூரில் மருத்துவர் ஒருவரின் மகனாகக் கஹால் பிறந்தார். இளமை முதலே ஓவியத்தில் தணியாத வேட்கை கொண்டிருந்தார். மகனை மருத்துவனாக்க விரும்பிய தந்தையோ அதனை வீண்வேலை என வெறுத்தார். பள்ளிப் படிப்பில் நாட்டமற்ற மகனை முடிதிருத்துவோரிடமும் காலணி தைப்போரிடமும் தொழில் பழக விட்டார். பின்னர் 1868 இல், பழைய இடுகாட்டு எலும்புகளைக் காட்டி அவருக்கு உடற்கூற்றைக் கற்பித்தார். மகன் எலும்புகளை வரையலானார். வரைய வரைய அவற்றின் மேடுபள்ளங்கள் நெஞ்சில் பதிந்தன. விலக்கப்பட்ட கலையே கல்விக்கு வாயிலாயிற்று.

1873 இல் மருத்துவப் பட்டம் பெற்ற கஹால், கியூபாவில் படைமருத்துவராகப் பணியாற்றி, மலேரியாவால் நலிந்து திரும்பினார். படைப்பணியில் சேமித்த பணத்தில் நுண்ணோக்கி வாங்கினார். இத்தாலிய அறிஞர் கோல்கி கண்டறிந்த வெள்ளிச் சாயமுறையை 1887 இல் மாட்ரிட் நகரில் கண்டு வியந்தார். சில உயிரணுக்களை மட்டும் கிளைகளோடு முழுமையாகக் கருமையாக்கும் அம்முறை, பல வேளை பயன்தராது பொய்த்துவிடும். கஹால் இருமுறை சாயமேற்றி அக்குறையைக் குறைத்தார். நரம்பிழைகளைக் கொழுப்புறை மூடுமுன் உள்ள கருக்களையும் இளம் உயிர்களையும் ஆய்வுக்குத் தேர்ந்தார். கண்டவற்றை அயராது வரைந்தார்.

நரம்பு மண்டலம் முழுவதும் இணைந்த ஒரே வலை என்பதே அந்நாளில் பலர் கொண்ட கருத்து. நரம்பணுக்கள் தனித்தனியானவை என 1888 இல் பார்சிலோனாவிலிருந்து கஹால் வெளியிட்டார். மறு ஆண்டு தம் செலவிலேயே பெர்லின் சென்று, உடற்கூற்று அறிஞர்கள் கூடிய அவையில் தம் கண்ணாடித் தகடுகளைக் காட்டினார். மூத்த அறிஞர் கோலிக்கர் அவற்றைக் கண்டு ஏற்றார்.

1906 இல் கோல்கியும் கஹாலும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அப்போதும் கோல்கி வலைக்கொள்கையைக் கைவிடவில்லை. சாயம் ஒன்றே, கண்ட காட்சி வேறாயிற்று. கஹால் 1934 இல் மறைந்தார். நரம்பணுக்களுக்கு இடையே உள்ள இடைவெளியை 1950களில் மின்னணு நுண்ணோக்கி உறுதிசெய்தது.

இன்று படமெடுக்கக் கருவிகள் பல உள்ளன. எனினும், ஒரு கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வரைபவரே தீர்மானித்தாக வேண்டும். ஆதலால் கையின் உழைப்பு கண்ணைக் கூர்மையாக்குகிறது. நம் ஆய்வகங்களிலோ, நுண்ணோக்கியை நோக்காமல் முன்னவர் பதிவேட்டைப் பார்த்துப் படம் வரையும் வழக்கம் உண்டு. மதிப்பெண் அதனால் கிட்டலாம். துறைக்கு வேண்டிய திறன் கிட்டாது. மாணவர்கள் தாம் கண்டதை வரைவார்களாக! பெற்றோரும் பெரியோரும் பிள்ளைகளின் விருப்பக்கலையை வீணெனத் தள்ளாதிருப்பார்களாக! எக்கலை எவ்வறிவுக்கு வாயிலாகும் என்பதை இறைவனே நன்கறிவான்.