சங்கிலி மன்னனும் சிலுவைப் போரும்

கிழக்கே பெருங்கடலும் மேற்கே நந்திக்கடலும் நெருக்க, இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலமே எங்கள் முள்ளிவாய்க்கால். அம்மன் கோயில் மணியையும் மாதா கோவில் மணியையும் ஒருங்கே கேட்டு வளர்ந்தவன் நான். ஆதலின், சிலுவைப் போர்கள் வென்றிருந்தால் உலகம் என்னவாகியிருக்கும் என்று அறிஞர்கள் ஆராயும்போது, என் நெஞ்சம் எருசலேமுக்குச் செல்வதில்லை, நல்லூருக்கே செல்கிறது. அங்கிருந்து 1519 முதல் 1561 வரை அரசாண்ட முதலாம் சங்கிலியின் வாழ்க்கையே அவ்வினாவுக்கு விடை தருகிறது என்பது என் துணிபு.

எருசலேமை 1099 இல் கைப்பற்றிய ஐரோப்பியர், 1187 இல் சலாகுத்தீனிடம் அதனை இழந்தனர். 1291 இல் ஆக்கர் நகரும் வீழ்ந்தது. ஆயினும் அந்த வேட்கை அவியவில்லை. கலைக்கப்பட்ட தெம்பிளர் வீரர் சபையின் உடைமைகளைக் கொண்டு, 1319 இல் போர்த்துக்கல்லில் கிறிஸ்து சபை என்னும் புதிய வீரர் சபை எழுந்தது. அச்சபையின் சிலுவையைப் பாய்களில் தாங்கியே பறங்கியர் கப்பல்கள் கீழைக்கடலுக்கு வந்தன. மிளகும் கறுவாவும் தேடிய அக்கப்பல்களிற் பழைய போரும் ஏறி வந்தது.

சங்கிலி அப்போரை எதிர்கொண்ட வரலாறு குருதியில் தொடங்குகிறது. மன்னார்க் கரையோர மக்கள், பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவானவர் ஒருவரிடம் ஞானஸ்நானம் பெற்றனர். 1544 இல் சங்கிலியின் படை மன்னாரிற் புகுந்து அவர்களுள் சுமார் 600 பேரைக் கொன்றது. மதம் மாறிய குடி பிறிதொரு மன்னனுக்குரிய குடியாகிவிடும் என்று அவன் அஞ்சினான். அவ்வச்சம் அடிப்படையற்றதன்று. எனினும் படைக்கலம் ஏந்தாத குடிகளைக் கொன்றதை வீரமென்று புகழ என் நா எழவில்லை.

சவேரியார் சங்கிலியைத் தண்டிக்க வேண்டுமென்று வற்புறுத்தினார். 1545 இல் நாகபட்டினத்திற் படை திரட்டும் ஏற்பாடும் நடந்தது. அவ்வேளையிற் பெகு நாட்டிலிருந்து வந்த பறங்கியர் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் தட்டி, அதன் சரக்கெல்லாம் சங்கிலியின் கையிற் சிக்கியது. சரக்கை மீட்க வேண்டுமாயின் சமாதானம் வேண்டும். புனிதப் போர் அதனோடு நின்றது! அக்கப்பல் கரை தட்டாதிருந்தால் நல்லூர் அப்போதே வீழ்ந்திருக்கலாம். ஆனால், வீழ்ந்த நகர் நிலைத்திருக்குமா என்பதே எனது வினா.

அதற்கு 1560 ஆம் ஆண்டு விடை கூறியது. கோவாவிலிருந்து இராசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா பெரும் கடற்படையுடன் தாமே வந்திறங்கினார். நல்லூர் வீழ்ந்தது. சங்கிலி திருகோணமலைத் திசை நோக்கிப் பின்வாங்கினான். யாழ்ப்பாணத்தினின்று அத்திசைக்குச் செல்லும் தரைவழி வன்னியை ஊடறுப்பதே. பின்னர் உடன்படிக்கை ஏற்பட்டது; இளவரசன் பணயமானான். அரண்மனையிற் கிடைத்த புனிதப் பல்லொன்றைப் பறங்கியர் கோவாவுக்குக் கொண்டு சென்றனர். பெகு மன்னன் பெரும் பொருள் தர முன்வந்தும், தலைமைக் குருவின் சொற்படி அதனை அழித்தனர். 1545 இல் பொருளுக்காகச் சமயத்தை ஒத்திவைத்தவர்கள், இம்முறை சமயத்திற்காகப் பொருளை உதறினர்.

ஆயினும் நாடு அவர்கள் வசமாகவில்லை. குடிகள் கிளர்ந்தெழுந்தனர். நகரைப் பிடித்த படை நகருக்குள்ளேயே முற்றுகைப்பட்டது. பிரகன்சா மன்னாருக்குப் பின்வாங்கி அங்கே கோட்டை அமைப்பதோடு நிறைவுற்றார். எருசலேமை வென்றவர்களுட் பெரும்பாலோர் ஊர் திரும்பிவிட, எஞ்சிய சிலரே அந்நிய மக்களிடையே அதனைக் காக்க நேர்ந்ததன்றோ? நோய் இரண்டிடத்தும் ஒன்றே. கோட்டையை வாள் பிடிக்கும். குடியை வாள் பிடிக்காது. மன்னாரில் வாளோச்சிய சங்கிலிக்கும் இது பொருந்தும். அவன் அழிக்க முயன்ற சமயம் மன்னாரில் அழியவில்லை.

சங்கிலிக்குப் பின் அப்போர் ஒருவாறு வென்றது என்றே சொல்லலாம். 1619 இல் யாழ்ப்பாண அரசு ஒழிந்தது. 1621 இல் நல்லூர்க் கந்தன் ஆலயம் இடிக்கப்பட்டது. ஆனால் 39 ஆண்டுகளில், 1658 இல், ஒல்லாந்தர் வந்து பறங்கியரை விரட்டினர். நல்லூரில் மீண்டும் கோயில் எழுந்தது. ஒல்லாந்தர் ஒடுக்கிய கத்தோலிக்கமும் மடியவில்லை. அதற்கு உயிரூட்ட 1687 இல் வந்த யோசே வாஸ் அடிகள், படையின்றி, ஏழைக் கூலியாளின் கோலத்தில் வந்தார். எந்தப் படையும் சாதிக்காததை அவ்வேழைக் கோலம் சாதித்தது.

துரத்தப்பட்ட மன்னனுக்கு 1560 இல் ஒதுங்க நிலமிருந்தது. 2009 மே மாதத்தில், எங்கள் முள்ளிவாய்க்கால் மணலில் ஒதுங்கிய எளிய குடிகளுக்கு அப்பாற் செல்ல நிலமில்லை, கடலே இருந்தது. அவர்களுள் இரு கோவிலாரும் இருந்தனர். ஆகவே, எந்தப் போர் வென்றிருந்தால் என்ற கேள்வி எழும்போதெல்லாம் நான் மன்னர்களை எண்ணுவதில்லை. மன்னாரில் மாண்ட அந்த 600 பேரை எண்ணுகிறேன். சங்கிலியின் தீரத்தை நான் மறுக்கவில்லை. அவர்களையும் சேர்த்தே அவன் வாழ்வை எழுதவேண்டும் என்கிறேன்.