வங்கபந்து ஷேக் முஜிபுர் ரஹ்மான்

தன் குடிமக்களையே ஓர் ஆட்சி கொன்று குவிக்குமானால், அண்டை நாட்டின் படை எல்லை கடந்து சென்று அம்மக்களைக் காப்பது முறையாகுமா? முறையே எனில், அப்படை எத்துணைக் காலம் அங்கே தங்கலாம்? உலக நாடுகள் இன்றளவும் ஒருமித்த விடை காணாத வினாக்கள் இவை. ஆயினும் 1971ஆம் ஆண்டில் நம் அண்டையிலேயே இவற்றிற்கு ஒரு விடை எழுதப்பட்டது. சென்னையில் பட்டினப்பாக்கத்துக் கரையைத் தழுவும் வங்கக் கடலே வடக்கில் வங்கதேசத்தின் கரையையும் தழுவுகிறது. அந்நாட்டு வரலாற்றின் நடுவில் நின்றவர் ஷேக் முஜிபுர் ரஹ்மான். அவர் வாழ்வின் வழியே அவ்விடையைக் காண்பது மாணவர்க்கும் பெரியோர்க்கும் பயன் தரும்.

பிறப்பும் கல்வியும்

பிரிக்கப்படாத வங்காளத்தின் ஃபரித்பூர் மாவட்டத்தில், துங்கிபாரா என்னும் சிற்றூரில் 1920 மார்ச் 17 அன்று முஜிபுர் பிறந்தார். தந்தையார் ஷேக் லுத்ஃபர் ரஹ்மான் நீதிமன்ற அலுவலர். தாயார் சாயிரா காத்தூன். கண்நோயின் காரணமாக இளமையில் அவருடைய பள்ளிப் படிப்பு தடைப்பட்டது. பின்னர்க் கல்கத்தா இஸ்லாமியாக் கல்லூரியில் சேர்ந்து, பேக்கர் விடுதியில் தங்கிப் பயின்று, 1947இல் பட்டம் பெற்றார். அக்கல்லூரியே பிற்காலத்தில் மௌலானா ஆசாத் கல்லூரி எனப் பெயர் பெற்றது.

1943இல் வங்கத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியபோது அம்மாணவர் துயர்துடைப்புப் பணியில் ஈடுபட்டார். சுஹ்ரவர்த்தியைத் தலைவராக ஏற்று முஸ்லிம் லீகில் தொண்டாற்றினார். பாகிஸ்தான் பிறக்க வேண்டும் என உழைத்த இளைஞர்களுள் அவரும் ஒருவர் என்பதை நாம் மறத்தலாகாது. பின்னாளில் அந்நாட்டினின்று பிரிந்து செல்லும் நிலைக்கு அவர் வந்தமை வெறுப்பினால் அன்று. நம்பிக்கை சிதைந்ததனால் ஆகும்.

மொழியும் உரிமையும்

கிழக்கிலும் மேற்கிலுமாக இரு கூறாக அமைந்த பாகிஸ்தானில் மக்கள் தொகையின் பெரும்பகுதி கிழக்கில் இருந்தது. அவர்தம் தாய்மொழி வங்காளம். எனினும் உருது ஒன்றே ஆட்சிமொழி என அறிவிக்கப்பட்டது. 1948 மார்ச்சில் எழுந்த மொழிக் கிளர்ச்சியில் முஜிபுர் சிறை சென்றார். 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் மாணவர்கள் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானபோதும் அவர் சிறையிலேயே இருந்தார். 1956ஆம் ஆண்டு அரசியலமைப்பில் வங்காளமும் ஆட்சிமொழியாக ஏற்கப்பட்டது. அத்தியாகிகளின் நாளையே யுனெஸ்கோ நிறுவனம் 1999இல் உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது. அரசியல் நிர்ணய சபையில் தமிழுக்காகக் குரல் எழுப்பிய காயிதே மில்லத்தையும், 1965இன் மொழிப்போரையும் அறிந்த தமிழ் மக்களுக்கு இவ்வரலாறு அயலானதன்று. சமயத்தால் ஒன்றுபட்ட மக்களாயினும், மொழியை இகழ்ந்தால் மனம் ஒன்றுபடாது என்பதை அது காட்டிற்று.

1958இல் அயூப்கான் இராணுவ ஆட்சியை நிறுவினார். 1966இல் முஜிபுர் ஆறு அம்சத் திட்டத்தை முன்வைத்துக் கிழக்கிற்குத் தன்னாட்சி கோரினார். அதன் விளைவு அகர்தலா சதி வழக்கும் சிறைவாசமும் ஆம். மக்கள் கிளர்ந்தெழவே 1969 பிப்ரவரியில் வழக்குக் கைவிடப்பட்டது. விடுதலையான அவருக்கு வங்கத்தின் நண்பர் என்னும் பொருளில் வங்கபந்து என்னும் பட்டத்தை மக்கள் சூட்டினர். அடுத்த மாதமே அயூப்கான் விலக, யஹ்யாகான் என்னும் மற்றொரு படைத்தலைவர் ஆட்சியைக் கைக்கொண்டார்.

தேர்தலும் குருதியும்

1970 நவம்பரில் பெரும்புயலும் கடற்பெருக்கும் கிழக்கு வங்கக் கரையைச் சூறையாடின. மாண்டோர் 3 இலட்சத்திற்குக் குறையார் என்பர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையைக் கண்ட பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம் மக்கள் கடலின் சினம் எத்தகையது என்பதை நன்கறிவர். ஆனால் அன்று வங்க மக்களைக் கடலைவிட வருத்தியது ஆட்சியாளரின் மெத்தனமே. அடுத்து வந்த டிசம்பர்த் தேர்தலில், கிழக்கிற்குரிய 162 பொது இடங்களுள் 160இல் அவாமி லீக் வென்றது. நாடு முழுமைக்குமான பெரும்பான்மையும் அதுவேயாயிற்று. ஆட்சிப் பொறுப்பு முஜிபுருக்கு உரியதாயிருந்தும், கூடவேண்டிய நாடாளுமன்றம் ஒத்திவைக்கப்பட்டது.

1971 மார்ச் 25 நள்ளிரவில் டாக்கா நகரின் மீது படை ஏவப்பட்டது. பல்கலைக்கழக விடுதிகளிலும் மாணவர் கொல்லப்பட்டனர். முஜிபுர் கைதாகி மேற்குப் பாகிஸ்தானுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கே இராணுவ நீதிமன்றத்தில் மறைவாக விசாரிக்கப்பட்டார். ஒன்பது மாதங்களில் மாண்டோர் 30 இலட்சம் என வங்கதேச அரசு கூறுகிறது. அதனினும் குறைந்த எண்ணிக்கை கூறும் ஆய்வாளரும் உளர். அதே காலத்தில் உருது பேசிய பீகாரி முஸ்லிம்களும் பழிவாங்குதலுக்கு ஆளாயினர் என்பதையும் நடுநிலையாளர் மறைக்கமாட்டார். ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் ஏதிலிகளாக இந்தியாவிற்குள் வந்தனர்.

எல்லை கடந்த படை

இந்தியா முதலில் ஏதிலிகளுக்கு உணவும் உறைவிடமும் அளித்தது. முக்தி வாகினி என்னும் விடுதலைப் படையினருக்குப் பயிற்சி தந்தது. உலகத் தலைநகரங்களில் முறையிட்டது. டிசம்பர் 3 அன்று பாகிஸ்தான் விமானங்கள் இந்திய விமான தளங்களைத் தாக்கவே போர் மூண்டது. டிசம்பர் 6 அன்று வங்கதேசத்தை இந்தியா அங்கீகரித்தது. டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. சிறைப்பட்டோர் ஏறத்தாழ 93,000 பேர்.

உலகம் இதனை ஒரு முகமாக வரவேற்கவில்லை. போரை நிறுத்திப் படைகளைத் திரும்பப் பெறுமாறு ஐ.நா. பொதுச்சபையில் 104 நாடுகள் வாக்களித்தன. பிற நாட்டின் எல்லையை மீறலாகாது என்னும் நெறி சிறு நாடுகளுக்கெல்லாம் கவசமன்றோ! அக்கவசத்தை ஒரு முறை விலக்கினால் வல்லரசுகள் அதனைச் சாக்காகக் கொள்ளும் என்னும் அச்சத்தைப் புறந்தள்ள இயலாது. பாகிஸ்தான் பிளவுறுவதில் இந்தியாவிற்கு அரசியல் நலனும் இருந்தது. நோக்கம் முற்றிலும் தூயதாயின் மட்டுமே உதவி உதவியாகும் எனின், உலகில் எவரும் எவருக்கும் உதவ முடியாது. ஆதலின் இத்தகைய படையெடுப்பை அதன் தொடக்கத்தை மட்டும் கொண்டு அளவிடுதல் போதாது. அதன் முடிவைக் கொண்டும் அளவிடல் வேண்டும்.

இங்கேதான் முஜிபுரின் பெருமை துலங்குகிறது. 1972 ஜனவரி 8 அன்று விடுதலையான அவர், இலண்டன், தில்லி வழியாக 10ஆம் நாள் டாக்கா திரும்பினார். தம் நாட்டை மீட்டுத் தந்த இந்தியாவிற்கு நன்றி கூறினார். அதே வேளையில், இந்தியப் படை விரைவில் திரும்ப வேண்டும் என்பதையும் பிப்ரவரியில் கல்கத்தாவில் இந்திரா காந்தியைச் சந்தித்தபோது வலியுறுத்தினார். நன்றி வேறு, அடிமைத்தனம் வேறு என்பதை அவர் அறிந்திருந்தார். மார்ச் 12 அன்று டாக்காவில் வழியனுப்பு அணிவகுப்பு நடைபெற்றது. வென்ற படை மூன்றே மாதங்களில் வீடு திரும்பியது.

இதன் அருமை பிற நிகழ்ச்சிகளோடு ஒப்பிடுங்கால் விளங்கும். 1979இல் கம்போடியாவின் கொடுங்கோலாட்சியை வீழ்த்திய வியட்நாம் படை பத்தாண்டுகள் அங்கேயே தங்கியது, காத்தவரே ஆண்டவராயினர். 1987இல் தமிழ் மக்களின் பாதுகாப்பை முன்னிறுத்தி இலங்கை சென்ற இந்திய அமைதிப்படை, சில மாதங்களிலேயே போரில் சிக்கி, 1990 மார்ச்சில் மனத்தாங்கலோடு திரும்பியது. வங்கத்தில் தேர்தலால் உரிமை பெற்ற ஒரு தலைமை இருந்தது. ஆட்சியை ஒப்படைக்க ஒருவர் இருந்தார். திரும்பிச் செல்லுங்கள் எனக் கூறும் துணிவும் அவருக்கு இருந்தது.

இறுதி நாட்கள்

புதிய நாட்டின் ஆட்சி மலர்ப்படுக்கையாக அமையவில்லை. 1974இல் பஞ்சம் மூண்டது. கட்சியில் ஊழல் மலிந்தது. அதே ஆண்டில் ஐ.நா. சபையில் அவர் வங்காளத்தில் உரையாற்றினார். லாகூர் இஸ்லாமிய மாநாட்டிற்கும் சென்று பழம்பகையை மறந்தார். ஆனால் 1975 ஜனவரியில் ஒரு கட்சி ஆட்சியைக் கொண்டு வந்து, பெரும்பாலான நாளிதழ்களை மூடச் செய்தார். வாழ்நாள் முழுதும் எதனை எதிர்த்தாரோ அதன் சாயல் அவரது ஆட்சியிலும் படர்ந்தது. 1975 ஆகஸ்ட் 15 அன்று இராணுவ அதிகாரிகள் சிலர் அவரையும் அவர்தம் குடும்பத்தாரையும் சுட்டுக் கொன்றனர். வெளிநாட்டில் இருந்த இரு புதல்வியர் மட்டுமே எஞ்சினர். அவருள் மூத்தவரான ஷேக் ஹசீனாவின் ஆட்சியும் 2024 ஆகஸ்டில் மாணவர் எழுச்சியால் வீழ்ந்தது. வங்கபந்து வாழ்ந்த தன்மண்டி இல்லம் அப்போது தீக்கிரையாகி, 2025இல் இடிக்கப்பட்டது.

அயல்நாட்டுப் படை ஒரு கொடுங்கோலனை அகற்றலாம். மக்களைச் சாவினின்று மீட்கலாம். அதற்கு மேல் அதனால் ஆவது ஒன்றுமில்லை. மீட்கப்பட்ட உரிமையை நாள்தோறும் காப்பது அந்நாட்டு மக்களின் கடமை. அதனை ஆள்வோர் பறிக்காதிருப்பது அவர்தம் கடமை. முஜிபுர் ரஹ்மானின் வெற்றி முதல் உண்மையைக் கற்பிக்கிறது. அவரது வீழ்ச்சி இரண்டாவதைக் கற்பிக்கிறது. நாளை ஆட்சிப் பொறுப்பை ஏற்கவிருக்கும் மாணவர்கள் இரண்டையும் சேர்த்தே கற்றல் வேண்டும்.