கசுனோமியா இளவரசியார்

யப்பானிய நாவலாசிரியை அரியோசி சவாக்கோ 1978 ஆம் ஆண்டு வெளியிட்ட வரலாற்றுக் கதையொன்றிலே, சோகுனுக்கு மணமகளாய்ச் சென்றவள் அரசகுமாரியல்லள். அவளுக்குப் பதிலாக அனுப்பப்பட்ட பணிப்பெண்ணே. கதை சுவையுடையது. ஆயினும் கசுனோமியா இளவரசியாரின் மெய்வரலாறு அதனினும் உருக்கமானது என்பது என் துணிபு.

1846 ஆம் ஆண்டிற் பிறந்த இளவரசியார், பேரரசர் நின்கோவின் மகளார்; தந்தை முகங் காணாதவர். 1851 இல் அரிசுகாவா குலத்து இளவரசர் தருகித்தோவுக்கு அவர் நிச்சயிக்கப்பட்டார். அந்நாளிற் பேரரசர் கியோத்தோவிற் பெயரளவில் வீற்றிருக்க, எடோவிலிருந்து தொக்குகாவா குலத்துச் சோகுனே நாட்டை ஆண்டுவந்தார். மேனாட்டுக் கப்பல்களின் வருகைக்குப் பின்னர்ச் சோகுனின் செல்வாக்குத் தளர்ந்தது. அரசகுல மணத்தால் அதனை நிலைநிறுத்த எண்ணிய அமைச்சர்கள், இளஞ்சோகுன் இயெமோச்சிக்கு இளவரசியாரைக் கேட்டனர்.

அவர் மறுத்தார். இக்கட்டிற் சிக்கிய தமையனார் பேரரசர் கோமெய், பச்சிளங் குழந்தையாகிய தம் மகளைப் பதிலாகத் தருவதென்றும், அதுவும் ஏற்கப்படாவிடின் முடி துறப்பதென்றும் தெரிவித்தார். மாற்று மணமகள் என்பது அரண்மனையில் உண்மையாகவே எழுந்த பேச்சு! அதன் பின்னரே இளவரசியார் இசைந்தார்.

1861 இல் மலைவழியே ஏறக்குறைய 25 நாட் பயணஞ் செய்து எடோ சேர்ந்தார். 1862 இல் திருமணம் நிகழ்ந்தது. நான்காண்டே இல்வாழ்வு. 1866 இல் ஒசாக்காவிலே கணவர் இருபதாம் வயதில் இறந்தார். மனைவிக்கென அவர் வாங்கிய நிசிசின் பட்டு, அவர் மறைவுக்குப் பின்னரே எடோ வந்தது. இளவரசியார் துறவு பூண்டார்.

1868 இல் பேரரசுப் படை எடோவை நோக்கி வந்தது. அதன் தலைவர், முன்னர் மணம் பேசப்பட்ட தருகித்தோவே. இளவரசியாரோ புகுந்த குலத்தை அழித்தல் ஆகாதென மன்றாடி அரசவைக்கு ஓலை விடுத்தார். மாமியார் தென்சோயினும் தம் வழியில் முயன்றார். இருதரப்புத் தலைவர்களும் உடன்பட, கோட்டை போரின்றிக் கைம்மாறியது. தொக்குகாவா குலமும் பிழைத்தது. அஃது இளவரசியார் ஒருவரின் செயலென்பது மிகை. அவர் வேண்டுகோளும் அதற்குத் துணைநின்றது என்பதே பொருந்தும்.

1877 இல் மறைந்த இளவரசியார், தம் விருப்பப்படியே சோசோசி பௌத்த ஆலயத்திற் கணவர் பக்கத்தே அடக்கஞ் செய்யப்பட்டார். 1958 இல் அச்சமாதி திறக்கப்பட்டபோது, ஆடவர் ஒருவரின் உருவம் பதிந்த கண்ணாடித் தகடு அங்கே கிடைத்தது; மறுநாளே அவ்வுருவம் மறைந்தது.

மனமொவ்வாது சென்ற மனையின் கடனைத் தம் கடனாக ஏற்று, இறுதிவரை அதில் நின்றவர் இவர். இவ்விடத்தில் வேறொருத்தியை வைத்தல் கதாசிரியர்க்கு எளிது, வரலாற்றுக்கோ இயலாது.