எண்பதாம் அகவையில் ஒரு கட்சி

மாணவர்களே, புதுதில்லியில் குடியரசுத்தலைவர் மாளிகைக்குத் தெற்கே ராஜாஜி மார்க் என்றொரு சாலை உண்டு. தில்லிக்குச் சுற்றுலா சென்றவர்கள் அப்பெயர்ப்பலகையைக் கண்டிருக்கலாம். அப்பெயருக்குரியவர் தமிழகத்தின் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர்; இன்று குடியரசுத்தலைவர் வாழும் மாளிகையில் இந்தியாவின் தலைமை ஆளுநராக வாழ்ந்தவர். அம்மாளிகையை விட்டு வெளியேறிய ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்னர், தம்முடைய எண்பதாம் அகவையில், தம் நண்பர்கள் நடத்திய ஆட்சியை எதிர்த்து அவர் புதிய கட்சி ஒன்றைத் தொடங்கினார். அவ்வாறு செய்ய அவரைத் தூண்டியது எது என்பதே இப்பாடத்தின் பொருள்.

சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி என்னும் ராஜாஜி 1878 டிசம்பர் 10 அன்று ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தார். தந்தையார் அவ்வூரின் முன்சீப்பாக இருந்தவர். பெங்களூர் மத்தியக் கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1900ஆம் ஆண்டில் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். வருவாய் பெருகிற்று. 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சியின் தலைவராகப் பணியாற்றினார். பின்னர்க் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்து வழக்கறிஞர் தொழிலை அறவே கைவிட்டார். வேலூர்ச் சிறை, திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையம் ஆசிரமத்தில் கதர்ப்பணி, 1930இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யம் வரை நடந்த உப்புச் சத்தியாகிரகம் ஆகியவற்றை நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவற்றை இங்கு விரிக்கத் தேவையில்லை.

அவர் முதன்முறையாக ஆட்சிப்பொறுப்பை ஏற்றது 1937இல். அப்போதைய சென்னை மாகாணம் இன்றைய தமிழ்நாட்டைவிட மிகப் பெரியது. ஆந்திரப் பகுதியும் மலபாரும் அதில் அடங்கியிருந்தன. காங்கிரஸ் அமைச்சர்கள் திங்களுக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறுவதில்லை என்பது அக்காலக் கட்டுப்பாடு. பொறுப்பேற்ற சில திங்களிலேயே, 1937 அக்டோபர் 1 அன்று, சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. அக்கடைகளிலிருந்து அரசுக்கு வந்துகொண்டிருந்த பெரும்பணமும் நின்றுபோயிற்று.

கடன் வாங்கிச் செலவு செய்வதை அவர் விரும்பாதவர். இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் பொது விற்பனை வரியை விதித்தார். இந்தியாவில் அத்தகைய வரி விதிக்கப்பட்டது அதுவே முதன்முறை. வணிகர்கள் கடுமையாக எதிர்த்தனர். ஆயினும் பிற மாகாணங்கள் ஒவ்வொன்றாக அவ்வழியைப் பின்பற்றின. நாளடைவில் மாநிலங்களின் தலையாய வருவாயாக விற்பனை வரி வளர்ந்தது. இன்று நீங்கள் கடைச்சீட்டில் காணும் சரக்கு மற்றும் சேவை வரிக்கு முன்னோடி அதுவே எனலாம். பிற்காலத்தில் அரசின் கைகள் நீள்வதைக் கண்டித்த ஒருவர், தம் ஆட்சியில் குடிப்பழக்கத்தையும் தடுத்தார், புது வரியையும் விதித்தார். இம்முரணை நாம் மறைத்துப் பேச வேண்டியதில்லை. அரசு வலுவற்று இருக்க வேண்டும் என்று அவர் ஒருபோதும் கருதியதில்லை. அது எவ்விடத்தில் வலுவாக இருக்க வேண்டும் என்பதிலேயே பிறரிடமிருந்து வேறுபட்டார்.

1948 ஜூன் முதல் 1950 ஜனவரி 26 வரை அவர் தலைமை ஆளுநராக விளங்கினார். அப்பதவியை வகித்த ஒரே இந்தியரும் அதன் கடைசித் தலைவரும் அவரே. உணவுத் தட்டுப்பாடு நிலவிய காலமாதலால் மாளிகைத் தோட்டத்தின் ஒரு பகுதியில் கோதுமை பயிரிடச் செய்தார். பின்னர், சர்தார் பட்டேல் மறைந்தபின் சிறிது காலம் உள்துறை அமைச்சராகவும் இருந்தார்.

இனி 1952ஆம் ஆண்டிற்கு வருவோம். அவருடைய பொருளாதாரக் கொள்கையை அறிய இவ்வாண்டே திறவுகோல். முதற்பொதுத்தேர்தலில் சென்னை மாநிலச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரஸ் 152 இடங்களையே பெற்றது. நெருக்கடியைத் தீர்க்க ராஜாஜியை அழைத்தனர். அவர் தேர்தலில் நிற்கவில்லை. ஆளுநரால் மேலவைக்கு நியமிக்கப்பட்டு முதலமைச்சரானார். மக்களிடம் வாக்குக் கேளாமல் முதல்வராவது முறையோ என்னும் வினா அன்றே எழுந்தது. அவ்வினா நியாயமானதே என்பது என் கருத்து.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஏற்பட்ட உணவுக் கட்டுப்பாடு அப்போதும் நீங்கவில்லை. உழவர் தம் விளைச்சலில் ஒரு பகுதியை அரசு குறித்த விலைக்கு அரசிடமே கொடுத்தாக வேண்டும். ஒரு மாவட்டத்து நெல்லை அடுத்த மாவட்டத்திற்கு எடுத்துச்செல்லத் தடை. நகரத்தார் பங்கீட்டு அட்டையைக் காட்டி, அளந்து கொடுத்த அரிசியைப் பெற்றுக்கொள்வர். அந்த அரிசியின் தரம் பற்றி எங்கள் பாட்டியார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அரிசியைக் களைவதைவிடக் கல் பொறுக்குவதற்கே அதிக நேரமாகும் என்பார். தடையுள்ள இடத்தில் கள்ளச்சந்தை தோன்றுவது இயல்பு. நெல் பதுக்கப்பட்டது, இரவில் கடத்தப்பட்டது, வழிமறிக்க வேண்டிய அலுவலர் சிலர் கையூட்டுப் பெற்றுக் கண்ணை மூடிக்கொண்டனர்.

1952 ஜூனில் ராஜாஜி இக்கட்டுப்பாட்டை நீக்கினார். தொடர்ந்து மழை பொய்த்திருந்த காலத்தில் இது துணிச்சலான செயல். விலை தாறுமாறாக ஏறும், ஏழைகள் பட்டினி கிடப்பர் என்று பலர் அஞ்சினர். அவர் போட்ட கணக்கு வேறு. நெல் நாட்டில் இல்லாமற் போய்விடவில்லை, அஞ்சி ஒளிந்திருக்கிறது. அச்சம் நீங்கினால் வெளியே வரும் என்று அவர் கருதினார். அவ்வாறே பதுங்கியிருந்த நெல் சந்தைக்கு வந்தது. அஞ்சிய அளவிற்கு விலை ஏறவில்லை. மத்திய உணவு அமைச்சர் ரஃபி அகமது கித்வாய் இதனை ஆதரித்தார். பிற மாநிலங்களிலும் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்தது.

இவ்வெற்றி அவருள் ஓர் உறுதியை விதைத்திருக்க வேண்டும். ஆயினும் அடுத்த ஆண்டே அவர் பெருந்தவறு ஒன்றைச் செய்தார். பள்ளிகளும் பணமும் போதாத நிலையில் அதிகக் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்க, ஊர்ப்புறத் தொடக்கப்பள்ளிகளில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பாடம், எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்றல் என்னும் திட்டத்தை 1953இல் கொண்டுவந்தார். பெற்றோரின் தொழில் என்பது நம் நாட்டில் பெரும்பாலும் சாதியின் தொழிலே அன்றோ? குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதற்குப் பெயரிட்டனர். பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் எதிர்த்தனர். காங்கிரசாரிலும் பலர் எதிர்த்தனர். 1954இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டு, பள்ளிகளைப் பெருக்கினார். சிக்கனம் நல்லதே. ஆனால் அச்சிக்கனத்தை ஏழைக் குழந்தையின் கல்வி நேரத்திலிருந்து பிடித்துக்கொள்வதை ஓர் ஆசிரியனாக என்னால் ஏற்க இயலாது. அவ்வாண்டிலேயே அவருக்கு நாட்டின் முதல் பாரத ரத்னா விருதுகளுள் ஒன்று வழங்கப்பட்டது.

அவர் ஓய்வெடுத்து இராமாயணமும் பாரதமும் எழுதிக்கொண்டிருப்பார் என்றே பலரும் எண்ணினர். எழுதினார்; அவருடைய சக்கரவர்த்தித் திருமகன் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. ஆனால் ஓயவில்லை. 1955இல் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சமதர்மப் பாணிச் சமுதாயத்தைக் குறிக்கோளாக ஏற்றது. 1956இன் தொழிற்கொள்கை பெருந்தொழில்கள் பலவற்றை அரசுக்கே உரியவை ஆக்கியது. 1959 ஜனவரியில் நாகபுரி மாநாடு கூட்டுறவுப் பண்ணை முறையைப் பரிந்துரைத்தது. உழவர்கள் தத்தம் நிலங்களை ஒன்றுசேர்த்துப் பயிரிட வேண்டும் என்பது அதன் கருத்து. வரப்பு மறைந்தால் உழவனின் ஊக்கமும் மறையும் என்று ராஜாஜி கருதினார். 1959 ஜூன் 4 அன்று சென்னையில் சுதந்திராக் கட்சியின் தோற்றம் அறிவிக்கப்பட்டது. என். ஜி. ரங்கா தலைவராகவும் மினு மசானி பொதுச்செயலாளராகவும் பொறுப்பேற்றனர்.

அக்கால ஆட்சிமுறைக்கு ராஜாஜி இட்ட பெயர் பர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்யம் என்பது. இச்சொற்கள் இன்று உங்களுக்குப் புதியனவாகத் தோன்றலாம். தொழிற்சாலை தொடங்கவோ விரிவாக்கவோ அரசின் உரிமம் வேண்டும், அதுவே லைசென்ஸ். அயல்நாட்டுப் பொறி ஒன்றை வருவிக்க அனுமதிச்சீட்டு வேண்டும், அது பர்மிட். எஃகும் சிமெண்டும் அச்சுத்தாளும் இன்னாருக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்கப்படும், அது கோட்டா. என் தந்தையார் ஒரு ஸ்கூட்டருக்குப் பெயர் பதிந்துவிட்டு ஏழாண்டுகள் காத்திருந்தார். வாங்குவதற்கு ஆள் இருந்தும், செய்யத் தெரிந்த ஆலை இருந்தும், உரிமத்தில் குறித்த அளவைக் கடந்து வண்டி செய்ய அவ்வாலைக்கு இயலவில்லை. தொழில் உரிம முறை 18 தொழில்கள் நீங்கலாக நீக்கப்பட்டது 1991இல்தான்.

ராஜாஜியின் மனக்குறை காத்திருத்தலைப் பற்றியது மட்டுமன்று. அனுமதி வழங்கும் கையே ஆட்சிக்கட்சியின் கையாகவும் இருந்தால், அனுமதி பெற்றவர் தேர்தல் நன்கொடை அளிப்பார். அளிக்க இயலாதவர் வாயிலில் நிற்பார். திறமையுள்ள இளைஞனுக்கு இடமில்லை, அமைச்சரை அறிந்தவனுக்கே இடம் என்றாகும். அரசு அலுவலரும் சட்டத்தைப் பார்ப்பதை விடுத்து அமைச்சரின் முகத்தைப் பார்க்கத் தொடங்குவர். பொதுப்பணியின் தூய்மை கெடுவது இங்ஙனமே என்று தம் சுவராஜ்யா இதழ்க் கட்டுரைகளில் வாரந்தோறும் எழுதினார். வருவாயை மீறி அரசு செலவிட்டு நோட்டடிப்பதும் ஒருவகை வரியே, அதனை மாத ஊதியக்காரரும் ஏழைகளுமே செலுத்துகின்றனர் என்பது அவர் அடிக்கடி வலியுறுத்திய மற்றொரு கருத்து. செல்வர்கள் தம் செல்வத்தின் உரிமையாளராக அன்றி அறங்காவலராக வாழ வேண்டும் என்ற காந்தியக் கோட்பாட்டையே அவர் சமதர்மத்திற்கு மாற்றாக முன்வைத்தார்.

இதற்கு மறுப்பும் உண்டு. செல்வர்கள் தாமாக அறங்காவலர் ஆகிவிடுவரா? விடுதலை பெற்ற இந்தியாவில் பேரணையும் எஃகாலையும் கட்டுமளவு முதல் வைத்திருந்தோர் எத்தனை பேர்? மேலும் முன்னாள் அரச குடும்பத்தாரும் பெருநிலக்கிழார்களும் பலர் அக்கட்சியில் இருந்தனர். ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி 1962இல் அதன் வேட்பாளராகவே மக்களவைக்கு வென்றார். எளிய கதராடையில் வாழ்ந்த ராஜாஜியின் வாதம் இத்தகையோர் வாயிலாக வெளிவந்தபோது, ஏழை மக்கள் ஐயுற்றதில் வியப்பில்லை. 1962இல் 18 மக்களவை இடங்களைப் பெற்ற கட்சி, 1967இல் 44 இடங்களுடன் மிகப்பெரிய எதிர்க்கட்சி ஆயிற்று. 1971இல் எட்டாகச் சுருங்கிற்று.

நேருவின் கொள்கையைக் கண்டித்தபோதும் நேருவின்பால் அவர் கொண்ட அன்பு குறையவில்லை. 1964இல் நேரு மறைந்தபோது உருக்கமான இரங்கலுரை எழுதினார். தம் கருத்தை மாற்றிக்கொள்ளவும் அவர் நாணியதில்லை. 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர், பிற்காலத்தில் இந்தி மட்டுமே அலுவல் மொழியாவதை எதிர்த்து நின்றார்.

மதுவிலக்கில் மட்டும் அவர் சிறிதும் மாறவில்லை. 1967 தேர்தலில் தமிழகத்தில் அவர் ஆதரித்த தி.மு.க. வென்றது. அவ்வரசே 1971இல் நிதி நெருக்கடியைக் காட்டி மதுவிலக்கைத் தளர்த்த முற்பட்டது. தொண்ணூற்றிரண்டு அகவை நிறைந்த ராஜாஜி முதலமைச்சர் மு. கருணாநிதியை நேரில் சந்தித்து, அதனைக் கைவிடுமாறு வேண்டினார். கடைகள் திறக்கப்பட்டன. அடுத்த ஆண்டு டிசம்பர் 25 அன்று சென்னைப் பொது மருத்துவமனையில் அவர் உயிர் நீத்தார். அவர் தொடங்கிய கட்சி 1974இல் பாரதிய லோக் தளத்துடன் இணைந்தது.