பறவைகளின் பின்னால் போன சலீம் அலி

மும்பையில் கேத்வாடி என்று ஓர் இடம் இருக்கிறது. ஏறக்குறைய 120 வருடங்களுக்கு முன்பு அங்கே ஒரு பையன் மாமா வீட்டில் வளர்ந்தான். அவன் பெயர் சலீம். பிறந்தது 1896 நவம்பர் 12. ஒரு வயதில் அப்பாவை இழந்தான். மூன்று வயதில் அம்மாவும் போய்விட்டார். மாமா அமிருதீனுக்கும் மாமி ஹமீதாவுக்கும் சொந்தப் பிள்ளைகள் கிடையாது. அதனால் சலீமைத் தங்கள் பிள்ளையாகவே வளர்த்தார்கள்.

மாமாவுக்கு வேட்டை என்றால் உயிர். மருமகனுக்கும் ஒரு சின்னத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தார். காற்றழுத்தத்தில் சுடுகிற துப்பாக்கி அது. சலீமுக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயது. பறவையைப் பார்த்து ரசிக்கிற பழக்கமெல்லாம் இல்லை. குறி பார்த்துச் சுடுவதுதான் விளையாட்டு.

ஒருநாள் ஒரு குருவி விழுந்தது. ஓடிப்போய்க் கையில் எடுத்தான். பார்ப்பதற்குச் சாதாரண ஊர்க்குருவி மாதிரிதான் இருந்தது. ஆனால் அதன் தொண்டையில் மஞ்சளாக ஒரு திட்டு! இது என்ன குருவி? மாமாவிடம் கேட்டான். அவருக்கும் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி அவர் சொல்லவில்லை, அதுதான் நல்லதாகப் போச்சு. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார்.

அங்கே செயலாளராக இருந்தவர் மில்லார்டு என்ற ஆங்கிலேயர். இந்தியாவை வெள்ளைக்காரர்கள் ஆண்ட காலம் அது. சின்னப் பையன் ஒருவன் செத்த குருவியைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு பெரிய மனிதர் முன்னால் நிற்கவேண்டும். சலீமுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் மில்லார்டு அவனை அன்பாக நடத்தினார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னார். பிறகு அலமாரிகளைத் திறந்து காட்டினார். உள்ளே பாடம் செய்து வைத்த பறவைகள், ஒன்றா இரண்டா! இந்தியாவில் இத்தனை வகைப் பறவைகளா என்று பையன் அசந்துபோனான். அன்றைக்குப் பிடித்த ஆசை கடைசிவரை அவனை விடவில்லை.

ஆனால் ஆசை மட்டும் சோறு போடுமா? பெரியவனானதும் சலீம் பர்மாவுக்குப் போய்க் குடும்பத் தொழிலைக் கவனித்தார். கவனித்தது பாதி, காட்டில் பறவை பார்த்தது பாதி. தொழில் சரியாக நடக்கவில்லை. திரும்பி வந்தார். தெஹ்மினா என்ற பெண்ணை மணந்தார். பறவை ஆராய்ச்சி வேலைக்கு முயன்றபோது, பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்று தள்ளிவிட்டார்கள். பிறகு மும்பை அருங்காட்சியகத்தில் ஒரு வேலை கிடைத்தது. அங்கிருந்து ஜெர்மனிக்குப் போய்ப் பறவையியல் படித்தார். 1930-இல் திரும்பி வந்து பார்த்தால், அந்த வேலையும் இல்லை!

கையில் வேலை இல்லை. கணவனும் மனைவியும் கிஹிம் என்ற கடலோரக் கிராமத்துக்குக் குடிபோனார்கள். அங்கே வீட்டுக்குப் பக்கத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. ஊருக்குப் போகும்போது நீங்களும் பார்த்திருக்கலாம். கிளையில் சுரைக்காய் தொங்குவதுபோலத் தொங்கும், புல்லால் பின்னிய கூடு. சலீம் அலி தினமும் அங்கே போய் உட்கார்ந்துவிடுவார். மணிக்கணக்கில் அசையாமல் பார்ப்பார்.

பார்க்கப் பார்க்கத்தான் விஷயம் தெரிந்தது. கூடு கட்டுவது ஆண் குருவி. பாதி கட்டியதும் நிறுத்திவிடும். பெண் குருவிகள் வந்து உள்ளே புகுந்து பார்க்கும், இழுத்துப் பார்க்கும். ஒரு பெண் குருவிக்குப் பிடித்துவிட்டால், ஆண் மீதிக் கூட்டைக் கட்டி முடிக்கும். பெண் முட்டையிட்டு அடைகாக்கும். ஆண் என்ன செய்யும் தெரியுமா? பக்கத்தில் இன்னொரு கூடு கட்ட ஆரம்பித்து, வேறொரு பெண் குருவிக்காகக் காத்திருக்கும்! வேலை இல்லாத அந்த நாள்களில் செய்த இந்த ஆராய்ச்சிதான் சலீம் அலிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது.

அதன்பின் ஹைதராபாத், கொச்சி, திருவிதாங்கூர் என்று ஊர் ஊராகப் போய்ப் பறவைகளைக் கணக்கெடுத்தார். காட்டில் கூடாரம்தான் வீடு. தெஹ்மினாவும் கூடவே போனார். 1939-இல் ஓர் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தெஹ்மினா இறந்துபோனார். சலீம் அலி உடைந்துபோனார். அக்கா வீட்டில் போய்த் தங்கினார். ஆனாலும் பறவைகளை விடவில்லை. 1941-இல் இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய புத்தகம் வந்தது. வண்ணப் படங்கள் நிறைந்த புத்தகம். அதைக் கையில் வைத்துக்கொண்டு சாதாரண மக்களும் மரத்தடியில் நின்று பறவை பார்க்கத் தொடங்கினார்கள்.

உலகப் போர் நடந்தபோது மும்பையில் அவருக்கு ஒரு நண்பர் கிடைத்தார். கோலாலம்பூரில் பிறந்து சிங்கப்பூரில் திரையரங்குகள் நடத்திய லோக் வான் தோ. அவர் வந்த கப்பல் குண்டு வீச்சில் மூழ்கிவிட்டது. தீக்காயம் பட்டுக் கொஞ்ச நாள் கண்ணும் தெரியாமல் இருந்தவர் அவர். அந்த மனிதர்தான் பறவைகளைப் படம் எடுப்பதில் பெரிய ஆள் ஆனார்! இரண்டு பேரும் பல பயணங்கள் சேர்ந்து போனார்கள்.

பறவையைப் படம் எடுப்பது சுலபம் இல்லை. கூட்டுக்குப் பக்கத்தில் துணியால் ஒரு மறைப்புக் கட்டி, அதற்குள் புழுங்கிக்கொண்டு உட்காரவேண்டும். இருமக்கூடாது, தும்மக்கூடாது. பறவை பயந்தால் கூட்டுக்கு வராது. பொறுத்திருந்தால் குஞ்சுக்கு இரை ஊட்டுவதுகூடப் படத்தில் கிடைக்கும். பறவையும் உயிரோடு பறந்துபோகும். ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். ஆராய்ச்சிக்காகச் சலீம் அலி பறவைகளைச் சுட்டதும் உண்டு. அந்தக் காலத்து ஆராய்ச்சியாளர்கள் அப்படித்தான் செய்தார்கள். பிற்காலத்தில் அவருடைய குழுவினர் தமிழ்நாட்டில் கோடியக்கரையில் பறவைகளை வலையில் பிடித்து, காலில் சின்ன வளையம் மாட்டிப் பறக்கவிட்டார்கள். எங்கிருந்து எங்கே போகின்றன என்று அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

அவருக்கு இன்னொரு பைத்தியம், மோட்டார் சைக்கிள். 1950-இல் சுவீடன் நாட்டில் பறவையியல் மாநாடு நடந்தது. சலீம் அலி தன் வண்டியைக் கப்பலில் ஏற்றி ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய், அதை ஓட்டிக்கொண்டே மாநாட்டுக்குப் போய் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 53!

1987 ஜூன் 20 அன்று, 90 வயதில் அவர் காலமானார். கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் ஆனைகட்டியில் அவர் பெயரில் ஒரு பறவை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இறப்பதற்கு இரண்டு வருடம் முன்னால் தன் வாழ்க்கைக் கதையைப் புத்தகமாக வெளியிட்டார். எத்தனையோ அரிய பறவைகளைப் பார்த்தவர், அந்தப் புத்தகத்துக்கு வைத்த பெயர் ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி.