அயன்களை அளந்த கோல்ட்ஸ்மித்

ஆவர்த்தன அட்டவணையில் இடமிருந்து வலமாகச் செல்கையில் அணுவின் ஆரை குறைகின்றது. மேலிருந்து கீழாகச் செல்கையில் கூடுகின்றது. உயர்தர வகுப்பில் இரசாயனவியல் கற்கும் மாணவர் எவரும் இவ்விரு விதிகளையும் தயக்கமின்றி ஒப்புவிப்பர். இவற்றுக்கு அடங்காத விலக்குகளும் உண்டு. அவற்றுள் மிகவும் பேசப்படுகின்ற ஒன்றுக்குப் பெயரிட்டவரும், அயன்களின் அளவுகளை விரிவான பட்டியலாக உலகுக்கு வழங்கியவருமான விக்டர் மோரிட்ஸ் கோல்ட்ஸ்மித்தின் வாழ்க்கையை நம்மவர் அறிந்தது குறைவு.

1888 ஜனவரி 27 ஆம் திகதி சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் யூதக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். தந்தையார் ஹைன்றிச் கோல்ட்ஸ்மித்தும் இரசாயனவியலாளரே. நோர்வே தலைநகரின் பல்கலைக்கழகத்தில் தந்தையாருக்குப் பேராசிரியர் பதவி கிடைத்ததால் 1901 இல் குடும்பம் அங்கு குடியேறியது. 1905 இல் நோர்வேப் பிரஜாவுரிமையும் கிடைத்தது. 1911 இல் கலாநிதிப் பட்டம் பெற்ற மைந்தர் 1914 இல், இருபத்தாறு வயதில், அதே பல்கலைக்கழகத்தின் பேராசிரியரானார்.

முதலாம் உலகப் போர் நோர்வேயில் மூலப்பொருட் தட்டுப்பாட்டை ஏற்படுத்தியது. நாட்டின் கனிய வளங்களை ஆராயும் பொறுப்பு 1917 இல் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. எந்த மூலகம் எந்தக் கல்லில் சேர்கின்றது, ஏன் அங்கு சேர்கின்றது என்ற வினா அவரைப் பற்றிக்கொண்டது இக்காலத்திலேயே. விடை அயன்களின் அளவில் இருப்பதாக அவர் கண்டார்.

ஆனால் அந்த அளவை அறிவது எளிதன்று. எக்ஸ் கதிர்கள் பளிங்கொன்றில் அடுத்தடுத்துள்ள இரு அயன்களின் மையங்களுக்கு இடையிலான தூரத்தையே காட்டும். அது இரு ஆரைகளின் கூட்டுத்தொகை. அதில் எவ்வளவு யாருக்கு உரியது? ஒன்றன் ஆரையாவது தெரிந்தாலன்றிக் கணக்குத் தீராது. பின்லாந்து நாட்டு அறிஞர் வாசாஸ்ட்யேர்னா 1923 இல் ஒளி முறிவைக் கொண்டு புளோரைட்டு, ஒட்சைட்டு அயன்களின் ஆரைகளைக் கணித்திருந்தார். கோல்ட்ஸ்மித்துக்கு அது போதுமாயிற்று. அவரும் உதவியாளரும் பெருந்தொகையான சேர்வைகளைப் பளிங்காக்கி அளந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றாகக் கழித்து, 1926 இல் பட்டியலை வெளியிட்டனர்.

இலத்திரனை இழந்த அயன் சுருங்குவதும் பெற்ற அயன் பருப்பதும் எண்களாக வெளிப்பட்டன. இன்றைய அளவீட்டின்படி சோடியம் அணுவின் ஆரை 186 பிக்கோமீற்றர். அதன் அயனின் ஆரை 102 மாத்திரமே. குளோரீனோ 99 இலிருந்து 181 ஆகின்றது.

விலக்கும் இங்கேதான் வருகின்றது. லந்தனம் முதல் லுத்தேசியம் வரையான மூலகங்களில் கருவின் ஏற்றம் ஒவ்வொன்றாகக் கூடுகின்றது. புதிதாகச் சேரும் இலத்திரன்களோ உட்புறத்தில் தங்கி, கருவின் இழுவையைச் சரிவர மறைக்காது விடுகின்றன. ஆகவே மும்மை நேரேற்ற அயன்களின் ஆரை 103 இலிருந்து 86 பிக்கோமீற்றர் வரை படிப்படியாகக் குறைகின்றது. இதற்கு லந்தனைட்டுச் சுருக்கம் என 1925 இல் பெயரிட்டவர் கோல்ட்ஸ்மித். இச்சுருக்கத்தின் பின் வரும் ஹப்னியம், தனக்கு மேலுள்ள சேர்க்கோனியத்தை விடப் பெரிதாக இருப்பதற்குப் பதிலாக ஏறத்தாழ அதேயளவாகி விடுகின்றது.

இக்கதையில் நமது நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. 1789 இல் ஜேர்மனியரான கிளாப்றொத் இலங்கையிலிருந்து சென்ற சேர்க்கன் கல்லைப் பகுத்தே சேர்க்கோனியத்தைக் கண்டார். அக்கல்லின் நிறமற்ற வகைக்கே நமது இரத்தினக்கல் வியாபாரிகள் மாத்தறை வைரம் என்று பெயரிட்டனர். அதற்குள் ஹப்னியமும் ஒளிந்திருந்தது. அளவிலும் குணத்திலும் வேறுபாடு தெரியாததால் 1923 இல் கொப்பன்ஹேகனில் கொஸ்டரும் ஹெவெசியும் அறிவிக்கும் வரை அது எவர் கண்ணிலும் படவில்லை.

1929 இல் கோல்ட்ஸ்மித் ஜேர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு அழைக்கப்பட்டார். நாசிகளின் யூத விரோதம் முற்றவே, 1935 இல் பதவி துறந்து ஒஸ்லோ திரும்பினார். 1940 இல் ஜேர்மனியப் படை நோர்வேக்குள்ளும் புகுந்தது. ஆபத்து நேரின் அருந்துவதற்கென சயனைட்டு வில்லையொன்றை அவர் உடன் வைத்திருந்தார். 1942 ஒக்டோபரில் அவரைக் கைது செய்து பேர்க் முகாமில் அடைத்தது ஜேர்மனியப் படையன்று, நோர்வேப் பொலிஸாரே. முப்பத்தேழு ஆண்டுகாலப் பிரஜாவுரிமை அன்று அவருக்குக் கைகொடுக்கவில்லை. நோயினால் விடுவிக்கப்பட்டு, நவம்பரில் மீண்டும் பிடிக்கப்பட்டார். நவம்பர் 26 ஆம் திகதி டொனாவு என்ற கப்பல் யூதர்களை ஏற்றிக்கொண்டு ஒஸ்லோவிலிருந்து புறப்பட்டது. அவர்களைக் கொண்டு சேர்த்த இடம் அவுஷ்விற்ஸ் மரண முகாம். துறைமுகம் வரை கொண்டு செல்லப்பட்ட கோல்ட்ஸ்மித் கடைசி நேரத்தில் திருப்பி அனுப்பப்பட்டார். அவரது அறிவு ஆட்சிக்குப் பயன்படும் என்பதே காரணம். பயன்படும் அறிவு எதுவுமில்லாத முதியோரும் குழந்தைகளும் கப்பலில் ஏறினர். அதில் சென்ற 532 பேரில் உயிர் தப்பியோர் ஒரு சிலரே.

டிசெம்பரில் எதிர்ப்பியக்கத்தினர் அவரைச் சுவீடனுக்குக் கடத்திச் சென்றனர். 1943 இல் பிரித்தானியாவை அடைந்து, அங்கு மண் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். முகாம் வாழ்வால் கெட்ட உடல்நிலை தேறவேயில்லை. 1946 இல் ஒஸ்லோ திரும்பியவர், 1947 மார்ச் 20 ஆம் திகதி, ஐம்பத்தொன்பதாவது வயதில் காலமானார். முற்றுப்பெறாதிருந்த அவரது புவி இரசாயனவியல் நூலை அலெக்ஸ் முயிர் பதிப்பித்து 1954 இல் வெளியிட்டார்.