அகழாமல் ஆழம் கண்டவர்

நிலத்தின்மேல் நிற்கும் மலையை யாவரும் காண்பர். நிலத்தினுள் புதைந்து கிடக்கும் பாறையைக் காண்பது எவ்வாறு? மண்ணை அகழாமலேயே அதனை அறிய வழிவகுத்தவர் ஹங்கேரி நாட்டு இயற்பியல் அறிஞர் லோராண்ட் எட்வெஷ்.

இளமையும் கல்வியும்

எட்வெஷ் 1848ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 27ஆம் நாள் புடா நகரில் பிறந்தார். தந்தை யோசெஃப் எட்வெஷ் புகழ்பெற்ற எழுத்தாளர். நாட்டின் கல்வி அமைச்சராகவும் விளங்கியவர். முதலில் சட்டம் பயிலச் சேர்ந்த லோராண்டின் உள்ளமோ அறிவியலையே நாடியது. 1867இல் ஜெர்மனி சென்று, ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் கிர்க்காஃப், ஹெல்ம்ஹோல்ட்ஸ், புன்சன் ஆகிய பேரறிஞர்களிடம் பயின்றார். 1870இல் முனைவர் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பிப் பெஸ்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

முறுக்குத் தராசு

புவியின் ஈர்ப்பு எல்லா இடங்களிலும் ஒரே அளவினதன்று. அடர்த்தி மிக்க பாறை அடியில் இருப்பின் ஈர்ப்பு சற்றே கூடும். அடர்த்தி குறைந்த பாறை இருப்பின் சற்றே குறையும். அந்த நுண்ணிய வேறுபாட்டை அளக்க, முன்னோர் கையாண்ட முறுக்குத் தராசை எட்வெஷ் புதுமையாக மாற்றியமைத்தார். மெல்லிய கம்பியில் கிடையாகத் தொங்கும் தண்டின் ஒரு முனையில் ஓர் எடையைப் பொருத்தினார். மறுமுனையில் இன்னோர் எடையைத் தாழத் தொங்கவிட்டார். இரண்டு எடைகளும் உணரும் ஈர்ப்பு சிறிதளவு வேறுபட்டாலும் தண்டு திரும்பும், கம்பி முறுக்கேறும். அந்த முறுக்கின் அளவே மண்ணின் அடியில் உள்ளதைக் குறிப்பால் உணர்த்தும்.

களத்தில் ஆய்வு

1891இல் இக்கருவியை ஷாக் மலைக்குக் கொண்டு சென்று எட்வெஷ் களஆய்வைத் தொடங்கினார். 1894இல் அமைச்சர் பதவி அவரைத் தேடி வந்தது. சில திங்கள் அப்பொறுப்பை வகித்தபின் மீண்டும் ஆய்வுக்கே திரும்பினார்.

1901, 1903ஆம் ஆண்டுகளின் குளிர்காலத்தில் பாலட்டோன் ஏரி உறைந்தது. மேடுபள்ளமற்ற அப்பனித்தளத்தில், அருகிலுள்ள குன்றுகளின் ஈர்ப்பு அளவீட்டைக் குழப்பாது என்பதனால் எட்வெஷ் அங்கே தம் கருவியை நிறுவினார். ஓரிடத்தில் அளவெடுக்கவே பல மணி நேரம் தேவைப்பட்டது. தண்டு அசைவற்று நிற்கும்வரை கடுங்குளிரில் பொறுமையுடன் காத்திருந்தார். ஏரிக்கு அடியிலுள்ள பாறைகளின் அமைப்பு, கண்ணுக்குத் தெரியாமலேயே எண்களாக வெளிப்பட்டது.

உழைப்பின் பயன்

எட்வெஷ் 1919ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் மறைந்தார். ஐந்தாண்டுகளுக்குப் பின், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நிலத்தினுள் புதைந்திருந்த நாஷ் உப்புக் குவிமாடத்தை அவருடைய தராசு காட்டிக்கொடுத்தது. பின்னர் அங்கே எண்ணெய் கிடைத்தது. உலகமே வியந்த அப்பயனைக் காண எட்வெஷ் உயிருடன் இல்லை.

ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறும் வீதத்தை அளக்கும் அலகு இன்று அவர் பெயரால் வழங்குகிறது. ஓர் எட்வெஷ் என்பது, ஒரு மீட்டர் தொலைவில் புவியீர்ப்பு ஏறத்தாழ ஆயிரம் கோடியில் ஒரு பங்கு மாறுவதாகும். அத்துணைச் சிறிய மாற்றத்தையும் பொருட்படுத்திய பொறுமையே புவியின் ஆழத்தை மனிதருக்குத் திறந்து காட்டியது.